ஷிப்டு முடிந்து ஒரு தோடி

ரோம் எரிந்தபோது நீரோ மன்னன் பிடில் வாசித்தான் என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். பாவம் நீரோ. அவன் காலத்தில் பிடிலே கிடையாது. அது பிறக்க இன்னும் ஆயிரத்தைந்நூறு வருஷம் பாக்கி இருந்தது. ஆனாலும் பிடில் என்ற சொல் தமிழில் இன்னும் செத்துப்போகாமல் இருப்பதற்கு அந்தப் புண்ணியவான்தான் காரணம். சபாக்களில் அது வயலின் ஆகி வெகுகாலமாயிற்று. இன்றைக்குப் பிடில் என்பது மந்திரிகளைத் திட்டுவதற்கு மட்டும் உபயோகப்படும் வாத்தியம்.

நம்மூருக்கு அது எந்த வாசல் வழியாக வந்தது தெரியுமோ? மணலி. ஆமாம், சுத்திகரிப்பு ஆலைப் புகையோடு நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் அதே மணலி. முன்பு திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தது, 2011ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே முத்துக்கிருஷ்ண முதலியார் என்று ஒரு செல்வந்தர் இருந்தார். அவர் ஆதரவில் ராமசுவாமி தீட்சிதர் குடும்பம் மணலிக்குக் குடிவந்தது. மூத்த பிள்ளை முத்துசுவாமி தீட்சிதர். கடைக்குட்டி பாலுசுவாமி. கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாசிப்பதைக் கேட்கிற வாய்ப்பு இந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது. அண்ணன் அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருத வரிகள் போட்டு 'நோட்டுஸ்வர'ங்கள் செய்தார். தம்பி ஓர் ஐரோப்பியரிடம் பிடில் கற்று, அதை நம் சங்கீதத்துக்கு வளைத்தார். அவ்வளவுதான், வந்துவிட்டது.

அந்த அண்ணன் முதல் கீர்த்தனை பாடியதாகச் சொல்லப்படும் திருத்தணிக்கு நீங்கள் திருவள்ளூரிலிருந்து பஸ்ஸில் போனால், வழியில் திருப்பாச்சூர் வரும். அப்பரும் சம்பந்தரும் பாடிய வாசீஸ்வரர் கோயில் ஊர். ஆக, கும்மிடிப்பூண்டி சிப்காட், காக்களூர் தொழிற்பேட்டை, லாரி, கன்டெய்னர் என்று நாம் நினைக்கிற இந்த வட்டாரத்துக்கு சங்கீத சரித்திரத்தில் ஒரு நல்ல பக்கம் உண்டு. யாரும் போர்டு வைக்கவில்லை.

இதை இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. தீட்சிதர் எடுத்தாண்ட மெட்டுகளில் பிரிட்டிஷ் ராஜ கீதமும் உண்டு, 'லிமெரிக்' என்ற ஐரிஷ் மெட்டும் உண்டு. இந்த ஜாதி மெட்டுகளும் பிடிலும் இன்னொரு கப்பலில் ஏறி எதிர்த் திசையிலும் போயின. அயர்லாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் பிழைக்கப் போனவர்கள் அவற்றை அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைகளுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அது பேஞ்சோவைச் சந்தித்தது.

பேஞ்சோ என்றதும் நம் ஆட்கள் சிலர் டைப்ரைட்டர் கட்டைகள் வைத்த புல்புல்தாராவை நினைத்துக்கொள்வார்கள். அது ஜப்பான் சரக்கு, வேறு கதை. நான் சொல்வது அசல் பேஞ்சோ. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் ஞாபகத்தில் இருந்த வாத்தியம். சுரைக்குடுக்கையின் மேல் தோல் போர்த்தி, ஒரு கழியைச் செருகி நரம்பு கட்டியது. பிற்பாடு அதில் ஐந்தாவதாக ஒரு குட்டைத் தந்தி நிலைத்தது. கட்டைவிரல் அதை மட்டும் விடாமல் தட்டிக்கொண்டே இருக்கும். வேறென்ன, சுருதிதான்! வெள்ளைக்காரனின் பிடிலும் கறுப்பரின் பேஞ்சோவும் ஒரே திண்ணையில் உட்கார்ந்ததும் பிறந்த சங்கீதத்துக்கு 'ஓல்ட் டைம் மியூசிக்' என்று பெயர். வித்வான்களின் சங்கீதம் அல்ல. விவசாயி, மில் தொழிலாளி, சுரங்கக் கூலி, இவர்கள் சனிக்கிழமை ராத்திரி கூடி ஆடுவதற்காக வாசித்தது.

எனக்கு இது பழக்கமானது திருவள்ளூர் லோக்கலில், காதில் இயர்போனோடு. டாமி ஜாரெல் என்ற கிழவரின் பிடில். முதல் நாள் ஆவடி தாண்டுவதற்குள் அலுத்துவிட்டது. இரண்டே வரி மெட்டு. அதையே செக்குமாடு மாதிரி இருபது தடவை சுற்றுகிறார். ஸ்வரமா, நிரவலா, ஒரு மண்ணும் கிடையாது. நாலாம் நாள்தான் பிடிபட்டது. மெட்டு மாறவில்லை, வில் மாறிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் வில்லின் அழுத்தம் வேறு இடத்தில் விழுகிறது. கால் தானாகத் தாளம் போட ஆரம்பித்துவிடும். இன்னொரு சமாசாரம்: நம் வயலினின் நாலு தந்திகளையும் ச-ப-ச-ப என்று சேர்ப்போம். மேற்கத்திய வழக்கம் அது இல்லை. ஆனால் இந்த மலைக்காரர்கள் தங்கள் பல மெட்டுகளுக்குத் தந்திகளைத் தளர்த்தியும் முறுக்கியும் ஒரு சுருதி சேர்ப்பார்கள். நம் காதுக்கு அது அச்சு அசலாக ச-ப-ச-ப! மணலிக்காரரும் மலைக்காரரும் கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ளவில்லை. பக்கத்துத் தந்தி சுருதியாக ஒலித்துக்கொண்டே இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டால் இப்படித்தான் சேர்க்கத் தோன்றும்.

சரி, இந்த சங்கீதத்துக்கு நம்மிடம் இணை எது? வயலின் என்று சட்டென்று சொல்லத் தோன்றும். எனக்கு அதில் சம்மதமில்லை. வயலின் இங்கே மேடை ஏறி, ஜமுக்காளத்தில் உட்கார்ந்து, விபூதி பூசிக்கொண்டுவிட்டது. நல்ல சங்கீதம்தான், ஆனால் திண்ணை சங்கீதம் இல்லை. ஊருக்குள் நடந்து, வியர்த்து, கல்யாணம் காதுகுத்து சாமி புறப்பாடு என்று ஜனங்களின் காரியத்தோடு ஒட்டிக்கொண்டு, எழுதிவைக்காமல் காதால் கேட்டே கைமாறி வந்த சங்கீதம் நம்மிடம் நாகஸ்வரமும் தவிலும்தான்.

1898ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருஷம் பிப்ரவரியில் வர்ஜீனியாவில் டாக் பாக்ஸ் பிறந்தார். ஆகஸ்டில் இங்கே ராஜரத்தினம் பிறந்தார், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. இருவரையும் பிளேட்டுக் கம்பெனிகள் தேடிவந்தன.

டாக் பாக்ஸ் சுரங்கத்தில் நிலக்கரி வெட்டியவர். 1927ல் நியூயார்க் போய் பேஞ்சோ வாசித்துப் பாடிச் சில பாட்டுகள் பதிவு செய்தார். குரல் தகரத்தைக் கீறுகிற மாதிரி இருக்கும். பாட்டு போகும் வழியிலேயே பேஞ்சோவும் ஒவ்வொரு ஸ்வரமாகக் கூடவே நடந்து வரும். நம் பக்கவாத்தியக்காரர் நிழல் மாதிரி தொடர்வாரே, அப்படி. ஒரே ஆள் இரண்டு வேலையும் செய்கிறார். அப்புறம் பொருளாதார மந்தம் வந்தது, கம்பெனிகள் படுத்தன, மனிதர் திரும்ப சுரங்கத்துக்கே போய்விட்டார். பேஞ்சோவை மறந்தே போனார். 1952ல் ஹாரி ஸ்மித் என்ற விசித்திரப் பிறவி, 1927லிருந்து 1932 வரை வந்த மலிவு பிளேட்டுகளிலிருந்து 84 பாட்டுகளைப் பொறுக்கி ஆறு லாங் பிளேயாகத் தொகுத்தார். பாக்ஸும் அதில் இருந்தார். பாடியவர் கறுப்பரா வெள்ளையரா என்று ஸ்மித் எங்கும் குறிப்பிடவில்லை, வேண்டுமென்றே. அதைக் கேட்டு வெறிபிடித்த பையன்கள் ஊர் ஊராகத் தேட ஆரம்பித்தார்கள். 1963ல் மைக் சீகர் என்பவர் ரிட்டயராகி வீட்டில் இருந்த பாக்ஸைக் கண்டுபிடித்தார். அதே வருஷம் நியூபோர்ட் விழாவில் அவர் மேடையேறினார்.

நம் 1898க்காரர் கதை நேர்மாறு. ராஜரத்தினம் எங்கும் தொலையவில்லை. சக்கரவர்த்தி என்றே அழைக்கப்பட்டார். 1947 ஆகஸ்டில் சுதந்திர நேரத்தில் ஆதீனத்தோடு டெல்லி போய் வாசித்தார். மேளக்காரர் என்று ஒதுக்கி நிறுத்திய உலகத்தில், மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்றார். கீச்சென்று ஒலிக்கும் குட்டையான திமிரி நாகஸ்வரத்தை விட்டு, நீண்ட, தாழ்ந்த சுருதியுள்ள பாரியைப் பிரபலமாக்கினார். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி அவருக்காகக் குழலையே திருத்திச் செய்தார். இப்படி ஒரு சக்கரவர்த்திக்கு சங்கீத கலாநிதி பட்டம் கடைசிவரை வரவில்லை. அதே 1898ல் பிறந்து, வயலினைக் கையில் எடுத்த கும்பகோணம் ராஜமாணிக்கம் பிள்ளைக்கு 1948லேயே கிடைத்தது. அவர் தகுதியில் குறை சொல்லவில்லை. எந்த வாத்தியம் எந்த ஜமுக்காளத்தில் உட்கார்ந்தது என்று பாருங்கள், அதுபோதும்.

ராஜரத்தினத்தின் தோடி பிளேட்டைக் கேட்காதவர்கள் இன்றே கேளுங்கள். யூடியூபில் இருக்கிறது. ஒரு மூச்சில் மேலே ஏறி, அங்கே நின்று, இறங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பது போல ஓர் இடம் வரும். நம்மையும் மூச்சு விடவிடாமல் செய்துவிடுவார். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. 78 ஆர்.பி.எம். தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நாலு நிமிஷம்தான். பாக்ஸின் பாட்டுக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை. ராஜரத்தினத்துக்கு? ஒரு ராகத்தையே மணிக்கணக்கில் ஊர்வலத்தில் வாசிக்கும் மனிதருக்கு அது கைக்குட்டை. நாம் கைக்குட்டையை வைத்துக்கொண்டு வேட்டியின் அழகைப் பற்றிப் பேசுகிறோம்.

என் ஆதங்கம் இந்த இடத்தில்தான். நாம் சேர்த்து வைத்ததெல்லாம் சக்கரவர்த்திகளைத்தான். ராஜரத்தினம், அவர் சிஷ்யர் காருகுறிச்சி அருணாசலம், ஷேக் சின்ன மௌலானா, தவிலில் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி. சந்தோஷம். ஆனால் டாக் பாக்ஸ் சக்கரவர்த்தி இல்லை. டாமி ஜாரெல் நெடுஞ்சாலைத் துறையில் ரோடு சமன்படுத்தும் வண்டி ஓட்டி ரிட்டயரானவர். அவர் வீட்டில் இளைஞர்கள் போய்த் தங்கி, அவர் சமைத்துப் போட்டதைச் சாப்பிட்டு, அவர் முழங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள். 1982ல் அரசாங்கம் அவருக்கு தேசியப் பாரம்பரிய விருது கொடுத்தது. நம் பக்கத்து ஊர்க் கோயிலில் நாற்பது வருஷம் வாசித்தவரின் வாசிப்பு எங்கேயாவது பதிவாகி இருக்கிறதா? கல்யாண வீடியோவில் இருக்கும். அதிலும் மேலே சினிமாப் பாட்டு போட்டு அழித்திருப்பார்கள்.

அழிந்தது ஒரு ராகம், இரண்டு ராகம் இல்லை. கோயிலின் ஒரு நாள் முழுவதற்கும் நாகஸ்வரத்தில் ஒரு கால அட்டவணை இருந்தது. விடியலில் பூபாளம். பள்ளியறையில் நீலாம்பரி. சாமி புறப்பட்டால் கம்பீர நாட்டையில் மல்லாரி. அதற்குப் பாட்டு வரிகள் கிடையாது, வெறும் நடை. தேருக்கு ஒரு மல்லாரி. சாமிக்குச் சோறு வரும்போது தளிகை மல்லாரி என்று தனியே ஒன்று! இலை போடும்போது வாசிக்கத் தனி சங்கீதம் வைத்திருந்த ஜனங்கள் நாம். இன்றைக்குத் தமிழ்நாடு முழுக்க எத்தனையோ கோயில்களில், சுவிட்சைத் தட்டினால் மோட்டார் சுற்றி மேளத்தையும் மணியையும் சேர்த்து அடிக்கிறது. காலைக்கும் ராத்திரிக்கும் ஒரே அடி. லீவு கேட்காது, தட்சிணை கேட்காது. பி.காம். படித்தவன் என்ற முறையில் அந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது. மூலதனச் செலவு ஒரு தடவை, அப்புறம் கரண்ட் பில் மட்டும். காதுள்ளவன் என்ற முறையில்தான் தாங்கவில்லை.

போன தை மாதம் திருப்பாச்சூர் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். வாசலில் செண்டை மேளம், உள்ளே டிஜே. முகூர்த்தத்துக்கு மட்டும் நாகஸ்வரம். தவில்காரருக்கு முப்பது வயது இருக்கும். கெட்டிமேளம் முடிந்து, விரல் கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். "எங்க தம்பி வேலை?" என்று கேட்டேன்.

"காக்களூர்ல ஒரு கம்பெனி சார். நைட் ஷிப்டு முடிச்சு நேரா வந்துட்டேன். முகூர்த்த நாள்ல லீவு கேட்டா எங்க சூப்பர்வைசர் காலண்டரைப் பாத்துட்டு, 'உனக்கு மட்டும் எப்படிப்பா வளர்பிறையிலயே காய்ச்சல் வருது?'ன்றாரு."

சிரித்தோம். அப்புறம் அவரே சொன்னார்: "எங்கப்பா யாரு கேட்டாலும், 'பையன் தொழிலை விட்டுட்டான்'னுதான் சார் சொல்லுவாரு. நான் எங்க விட்டேன்? நேத்திக்கும் வாசிச்சேன், இன்னிக்கும் வாசிச்சேன்."

அந்தப் பையன் சொன்னதில்தான் இரண்டு நாட்டுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. பாக்ஸ் கரி வெட்டினார், ஜாரெல் ரோடு போட்டார். அங்கே யாரும் அவர்களைத் தொழிலை விட்டவர்கள் என்று சொல்லவில்லை. ஷிப்டு முடிந்து வந்து வாசிப்பதுதான் அங்கே பாரம்பரியமே. வர்ஜீனியாவில் கேலக்ஸ் என்ற ஊரில் 1935லிருந்து பிடில் திருவிழா நடக்கிறது. மேடையை விடக் கார் நிறுத்தும் இடத்தில்தான் கூட்டம். பல் டாக்டர், பிளம்பர், வாத்தியார் என்று வட்டமாக நின்று வாசிப்பார்கள். நம்மிடம் நாகஸ்வரத்தைப் பொழுதுபோக்காகக் கற்றுக்கொள்ளும் பல் டாக்டர் ஒருவரைக் காட்டுங்கள்.

கஷ்டமான வாத்தியம்தான், ஒப்புக்கொள்கிறேன். சீவாளியில் சுத்தமாக ஒரு ஸ்வரம் வரவே மாதக்கணக்கில் ஆகும். அபார்ட்மென்டில் சாதகம் செய்தால் அசோசியேஷன் நோட்டீஸ் ஒட்டும். ஆனால் மிருதங்கமும் கஷ்டம்தானே? அதற்கு மாம்பலத்தில் க்ளாஸ் நிரம்பி வழிகிறது. உண்மைக் காரணம் வேறு, நமக்கெல்லாம் தெரியும். தஞ்சாவூர்ப் பக்கம் இசை வேளாளர், வட மாவட்டங்களில் மருத்துவர் சமூகத்தினர் என்று இதை ஜாதியோடு கட்டிவைத்தோம். மங்கள வாத்தியம் என்று வாயால் சொல்லிவிட்டு, வாசித்தவரைக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்தோம். 1968ல் 'தில்லானா மோகனாம்பாள்' வந்தபோது, மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்களின் நாகஸ்வரத்துக்கு சிவாஜி கன்னம் உப்பியதைப் பார்த்துத் தியேட்டரே கைதட்டியது. வீட்டுக்கு வந்து பிள்ளையை வயலின் க்ளாஸில் சேர்த்தோம். அந்தக் குடும்பங்களில் பிறந்த பையன்களும் பார்த்தார்கள், வெளியேறினார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் தயாரில்லை. கம்பெனியில் பி.எஃப். உண்டு, இ.எஸ்.ஐ. உண்டு, பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

அமெரிக்கா சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. அவர்கள் செய்த அட்டூழியம் வேறு தினுசு. 1920களில் பிளேட்டுக் கம்பெனிகள் கறுப்பர்களுக்கு ஒரு கேட்லாக், மலைநாட்டு வெள்ளையர்களுக்கு ஒரு கேட்லாக் என்று பிரித்தன. கறுப்பர் என்றால் ப்ளூஸ் பாடு, பிடில் வேண்டாம் என்றன. விளைவு, பேஞ்சோ என்றால் வெள்ளைக்காரக் குடியானவன் என்று உலகமே நம்பியது. கொண்டுவந்தவன் பெயரே காணாமல் போயிற்று! வட கரோலினாவில் ஜோ தாம்ப்சன் என்ற கறுப்பர், மரச்சாமான் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே குடும்பத்துப் பிடிலை விடாமல் வைத்திருந்தார். 2005ல் மூன்று இளைஞர்கள் அவரிடம் போய் உட்கார்ந்து கற்று, 'கரோலினா சாக்லேட் டிராப்ஸ்' என்று குழு அமைத்தார்கள். கிராமி விருது வாங்கினார்கள். அவர்களில் ஒருவரான ரியானன் கிடன்ஸ்தான் 2024ல் பியான்ஸேயின் கன்ட்ரி பாட்டில் பேஞ்சோ வாசித்தவர். கிடன்ஸின் ஆல்பங்களைக் கேட்கும்போது ஒன்று கவனித்தேன். அருங்காட்சியகப் பொருளைத் துடைத்து வைக்கிற பவ்யம் அதில் இல்லை. பாட்டி வீட்டுப் பாத்திரத்தை எடுத்துப் பொங்கல் வைக்கிற உரிமை இருக்கிறது. நடுவில் ஜோ தாம்ப்சன் என்ற அந்த ஒற்றை ஆள் இல்லையென்றால் இந்த உரிமையும் இல்லை.

நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும், காய்ந்து இறுகிய ஆச்சா மரத்தில் கடைகிற குழல். நல்ல விஷயம். குழலைப் பாதுகாக்க ஒரு சட்டம் கிடைத்துவிட்டது. காக்களூர்த் தம்பியைப் பாதுகாக்கக் குறியீடெல்லாம் வேண்டாம். அவர் அப்பா தளிகை மல்லாரி வாசித்தால், யாராவது ஒரு செல்போனை நேராகப் பிடித்து, கூடவே பெயரையும் ஊரையும் சொல்லிப் பதிவு செய்தால் போதும். மைக் சீகர் இதைத்தான் செய்தார், அவரிடம் இருந்த டேப் ரெக்கார்டர் தூக்கமுடியாத கனம்.

அடுத்த முகூர்த்தத்துக்கு மண்டபம் போனால், டிஜே பாக்ஸிலிருந்து தள்ளி, மேளத்துக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருங்கள். தாலி கட்டியதும் எல்லோரும் பந்திக்கு ஓடுவார்கள். அப்போதுதான் அவர்கள் கேட்க ஆளில்லாத தைரியத்தில் நன்றாக வாசிப்பார்கள். இரண்டாவது பந்திக்குப் போய்க்கொள்ளலாம். வடை தீர்ந்திருக்கும், ரசம் இருக்கும்.